நத்தைகுத்தி நாரையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும்



மார்கழி பிறந்தால் போதும், மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் வேடந்தாங்கல் பக்கம் திரும்பிவிடும். உள்ளே பறவை பார்க்கும் முகாமுக்குப் போகும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். மடியில் புளிசாதப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும். முகாமுக்கு முன்னால் வீட்டுக்கு வரும் சுற்றறிக்கையில், பிள்ளைகள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்று தவறாமல் ஒரு வரி இருக்கும். நல்ல வரிதான். ஆனால் ஆசிரியர் கையில் கைபேசி இருக்கிறதே! வீட்டில் இருக்கும் நமக்கோ இருப்புக் கொள்வதில்லை. பஸ் ஏறியாச்சா, சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பாவம் அந்த ஆசிரியை, பறவையைப் பார்ப்பாரா, நமக்குப் படம் அனுப்புவாரா? பொழுது சாய்வதற்குள் வகுப்புக் குழுவில் ஐம்பது, அறுபது படங்கள் வந்து குவிந்துவிடுகின்றன.

அதில் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிள்ளையின் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. பெயர், வகுப்பு, பள்ளி, ரத்த வகை, அப்பாவின் கைபேசி எண் எல்லாம் பளிச்சென்று படிக்க முடிகிறது. இதை ஒரு சித்தப்பா ஸ்டேட்டஸில் வைப்பார். ஓர் அத்தை தன் குடியிருப்புக் குழுவுக்கு அனுப்புவார். முன்பின் தெரியாதவர்களிடம் பெயர், ஊர் சொல்லாதே என்று முதல் நாள் ராத்திரிதான் அதே பிள்ளைக்குப் புத்தி சொல்லியிருப்போம்.

இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இப்போது பல பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் கணினி அறையில், திரையைக் காட்டி. எனக்கென்னவோ அந்தப் பாடத்துக்கு ஏரிக்கரைதான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

வேடந்தாங்கல்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுதி வாங்கியவர்கள். தீபாவளிக்குக்கூட வேட்டுப் போடாமல் அடக்கி வாசிக்கும் ஊர். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பறவை நன்றாயிருந்தால் நெல்லும் நன்றாயிருக்கும் என்ற கணக்கு அதில் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்; இணையத்திலும் அடுத்தவர் நன்றாயிருந்தால்தான் நாமும் நன்றாயிருப்போம் என்பதும் அதற்குப் புரியும்.

அடுத்தது பறவைக் கணக்கெடுப்பு. தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் இதை நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, கண்ட பறவைகளை எண்ணி, இபேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் தனிக் கணக்கு எதற்கு? நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் எழுதட்டும், ஆசிரியர் பதிவேற்றட்டும். கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கறுப்புக் காலுக்குக் கீழே பாதம் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. பாதம் தண்ணீருக்குள் இருந்தால்? 'கொக்கு இனம்' என்று மட்டும் எழுதலாம். அதற்கும் அந்தப் பட்டியலில் இடம் உண்டு. வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தாலோ, தன்னார்வலர் ஒருவர், 'எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் உண்டா?' என்று கேட்டு எழுதுவார். கண்டதைத்தான் எழுதலாம், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று பழகிய பிள்ளை, 'உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று வரும் செய்தியை என்ன செய்யும்? அதே பிள்ளையின் தாத்தா அதை மூன்று குழுவுக்கு அனுப்பி முடித்திருப்பார் என்பது வேறு விஷயம்.

அதே இபேர்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேட்டைக்கோ பிடிப்புக்கோ ஆளாகக்கூடிய பறவைகளை எங்கே பார்த்தார்கள் என்ற துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வைக்குக் காட்டாமல் மறைத்துவிடுவார்கள். பறவைக்குக் காட்டுகிற இந்த மரியாதையை நம் பிள்ளைக்கும் காட்டலாம். இருக்கும் இடத்தோடு உடனுக்குடன் படம் போடாமல், வீடு திரும்பிய பிறகு போட்டால் என்ன குறைந்துவிடும்?

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களை ஒரு நிறுவனம் கையாள வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நாமும் ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். படத்தில் இருக்கும் பிள்ளையை யார் கேட்டார்கள்? முகாமின் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினால் என்ன? எடுத்த படங்களை எல்லாம் பிள்ளைகள் முன் காட்டட்டும். எது போகலாம், எது வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும். வாய் நிறையச் சோற்றோடு எடுத்த என் படம் வேண்டாம் மிஸ் என்று ஒருத்தி சொன்னால், சிரிக்காமல் அழித்துவிட வேண்டும். நடுவில் இடுக்கு விழுந்த அலகால் நத்தைகுத்தி நாரை நத்தையைக் கிளறி எடுக்கும் படத்துக்கு எல்லோரும் கை தூக்குவார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பொங்கல் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் பட்டியல்களை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். மாசி இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மொட்டை மாடியில் பார்த்த காக்கையும் மைனாவும் போதும், வேடந்தாங்கல் போயிருக்க வேண்டும் என்பதில்லை. பறவையைப் பிள்ளையே வரைந்திருந்தால் ரொம்ப நல்லது. பிள்ளையின் பெயரும் வகுப்பும் மட்டும் எழுதுங்கள். பள்ளியின் பெயர், புகைப்படம், தொலைபேசி எண் வேண்டாம். அனுப்பும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்