பச்சோந்திக் குஞ்சும் தராசும்



காயல்பட்டினத்துச் சகோதரி ஒருவர் இரண்டு வினாக்கள் விடுத்துள்ளார். அயல்நாட்டில் பணிபுரியும் அவருடைய மகன் வீட்டில் ஏமன் நாட்டுப் பச்சோந்திக் குஞ்சு ஒன்று வளர்கிறது. அது நலமாக வளர்கிறதா என்பதை அறிவது எப்படி என்பது முதல் வினா. விடுமுறைக்கு ஊர் வந்த பேரன், உடைமர வேலியில் கண்ட பச்சோந்திக் குஞ்சு ஒன்றையும் பிடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறானாம். இதையும் வளர்க்கலாமா என்பது இரண்டாவது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் இயற்கையாக வாழும் இனம் அது. முட்டையை விட்டு வரும்போது விரல் நீளமே இருக்கும். ஏறத்தாழ ஓராண்டில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். இத்தனை விரைவில் வளரும் உயிரிடம் குறை தோன்றினால் அதுவும் விரைவில் முற்றும். நோயை வெளிக்காட்டாத இயல்பும் அதற்குண்டு. ஆகவே கண்ணை மட்டும் நம்பலாகாது. தராசும் குறிப்பேடும் வேண்டும்.

கிராம் காட்டும் சிறிய மின்தராசில் ஒரு குச்சியை நிறுத்தி, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தபின், குஞ்சைத் தானாகக் குச்சியில் ஏறவிட வேண்டும். இறுகப் பிடித்தால் அஞ்சும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இரை கொடுக்குமுன் எடையை எழுதி வரவேண்டும். அங்கன்வாடியில் நம் பிள்ளைகளுக்கு வளர்ச்சி அட்டை எழுதுவதை அறிவீர்கள். அங்கே ஒரு மாதத்து எடையைவிட, கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதையே கவனிப்பார்கள். இதற்கும் அதுவே முறை. சில வாரங்கள் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கால்கள் வளைவதும், தாடை மென்மையாவதும், கிளையைப் பற்ற இயலாமையும் சுண்ணாம்புச் சத்துக் குறைவைக் காட்டும். அச்சத்து உடலில் சேரப் புற ஊதாக் கதிர் தேவை. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அதற்கு உதவாது. கண்கள் உட்குழிந்தால் நீர்க்குறை என்று கொள்க. கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் நாடாது. இலையில் தெளித்த துளிகளையே நக்கும். அளவுக்கு மிஞ்சிய கொழுமையும் நலமன்று. மிகுதியாகத் தின்னும் பெண் பச்சோந்திக்கு முட்டைகளும் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி இரண்டாவது வினா. நம் கரையோரத்து முள்வேலிகளில் காணப்படுவது இந்தியப் பச்சோந்தி. ஓணானை இதுவென்று மயங்குவோர் பலர். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழல்வதும், விரல்கள் இடுக்கிபோல் இணைந்திருப்பதும், வால் சுருள்வதும் பச்சோந்தியின் அடையாளங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். குழந்தை அறியாமல் செய்தான். அறிந்தபின் பெரியவர்கள் வாளாவிருக்கலாகாது.

சட்டத்துக்கு முன்பே நமக்கு ஒரு பாடம் உண்டு. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியின் சிற்றுயிர்களைத் தின்ன விடுவிக்கவும் செய்யாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு உள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வேலியில் இருக்கும் குஞ்சுக்கு வெயிலும், பனித்துளியும், பூச்சிகளும் அல்லாஹ் அங்கேயே வைத்த ரிஸ்க். பெட்டிக்குள் அந்த மூன்றும் இல்லை.

ஆகவே சகோதரியே, பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் கையாலேயே, பிடித்த அதே வேலியில் இன்றே விடச் சொல்லுங்கள். பிறகு குறிப்பேடு ஒன்று கொடுங்கள். எந்தக் கிளை, என்ன நிறம், முன்னைவிடப் பெரிதா என்று தொலைவிலிருந்து பார்த்து எழுதட்டும். அங்கே தராசு தேவையில்லை. அயல்நாட்டு வீட்டில் இருப்பதோ அமானிதம். அதற்கு வாரந்தோறும் கணக்கு எழுத வேண்டியது வளர்ப்பவர் கடமை.