உப்பளத் தொழிலாளர்களை வெப்ப நோயிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
உப்பளத் தொழிலாளர் சங்கம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: உப்புப் பருவத்தில் கூலியுடன் கூடிய ஓய்வு, குடிநீர், நிழல், கழிப்பறை, அவசர மருத்துவ ஏற்பாடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வடக்கே வேப்பலோடை, தருவைக்குளம் தொடங்கித் தெற்கே முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரையுள்ள உப்பளங்களில் உழைக்கும் ஆண், பெண் தொழிலாளர்கள் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அரசு அறிவித்தபோது மகிழ்ந்தோம். ஆனால் அந்தப் பாதுகாப்பு அளத்துக்குள் வந்து சேரவில்லை. கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் இந்தக் கணக்கு எட்டாத நாட்களே அதிகம். அதே கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடம்பு தணியாது. போதாததற்கு, பாத்தியில் விளைந்த உப்பு வெயிலைக் கீழிருந்து முகத்தில் திருப்பி அடிக்கிறது. வானிலை நிலையத்து வெப்பமானியோ நிழலில் இருக்கிறது! ஆகவே வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகளை அளப் பகுதிகளிலேயே நிறுவி, அந்த அளவை வைத்து ஓய்வு நேரத்தை முடிவு செய்ய வேண்டுகிறோம்.

'வெயிலுக்கு முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை எங்களுக்குப் புதிதல்ல. நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் நாங்கள். வாரிய உப்பைத் தலைச்சுமையாக, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்குக் கொண்டு சேர்த்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடுகிறது. கேரளத்தில் கோடை மாதங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எங்களுக்கு அது மட்டும் போதாது. மணிக்கொருமுறை நிழலில் உட்காரும் இடைவேளை வேண்டும். அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது. வேலை அளவுக்குக் கூலி வாங்குகிறவர், உட்கார்ந்தால் கூலி குறையும் என்றால் எப்படி உட்காருவார்? மழைக்கால வேலையிழப்புக்கு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிய அரசு, வெயிலால் நிற்கும் வேலைக்கும் ஈடு தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

பெண்களின் நிலை தனியே சொல்லப்பட வேண்டியது. வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்து வரப்பில் வைத்த தண்ணீர், காலை பத்து மணிக்கெல்லாம் வாயில் வைக்க முடியாதபடி சுடுகிறது. அதையும் அவர்கள் அளந்துதான் குடிக்கிறார்கள். ஏனெனில் ஒதுங்க மறைவிடம் இல்லை. மாலையில் நீர்க்கடுப்போடு வீடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. தமிழக உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும் வெப்பத்தோடு சிறுநீரகப் பாதிப்பைச் சேர்த்தே பேசுகிறது. எனவே கழிப்பறை கட்டாமல் தண்ணீர்ப் பானை மட்டும் வைத்தால் பயனில்லை. சிறு அளக்காரர்களால் இவற்றைத் தனித்தனியே செய்ய இயலாது என்பதும் எங்களுக்குத் தெரியும். சில அளங்களுக்குப் பொதுவாக ஒரு நிழற்கொட்டகை, குளிர்ந்த குடிநீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பெண்களுக்குக் கழிப்பறை என மாவட்ட நிர்வாகமே முன்னின்று அமைத்துத் தரலாம்.

ஒருவர் சுருண்டு விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பதே இன்றும் நடக்கிறது. பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது உயிர்போகும் நிலை. 108 ஆம்புலன்ஸ் வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். இதைக் கணக்கப்பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் சுகாதாரத் துறையினர் அளத்துக்கே வந்து கற்றுத்தர வேண்டும். 108 வண்டி மண்பாதைகளில் வழி தேடி அலையாதிருக்க ஒவ்வொரு அளத்துக்கும் எண் பலகை வைக்க வேண்டும்.

வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. 'மாரடைப்பு' என்று மட்டும் சான்றிதழில் எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் எதைக் காட்டி அதைக் கேட்கும்? அளத்திலிருந்து கொண்டுவரப்படுபவரின் உடல் வெப்பத்தை மருத்துவமனைக்கு வந்தவுடன் அளந்து பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம்.

உப்பு வாருதல் மும்முரமாகும் முன், உப்பள உரிமையாளர்கள், தொழிலாளர் துறை, சுகாதாரத் துறை, சங்கப் பிரதிநிதிகள் அடங்கிய கூட்டத்தைத் தங்கள் தலைமையில் கூட்டி, மேற்கண்டவற்றுக்குக் கால வரம்பு நிர்ணயித்து எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்: தொழிலாளர் துறை, சுகாதாரத் துறை மாவட்ட அலுவலர்கள்.