அசுத்தமான பறவையும் ஆதாமின் காவலும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:8-15



“காடும் பறவையும் அரசாங்கத்தின் காரியம், ஆத்துமாக்களே சபையின் காரியம்” என்று விசுவாசிகளில் அநேகர் சொல்லுகிறார்கள். பேதுருவின் இரண்டாம் நிருபத்தைக் காட்டி, எரிந்துபோகப்போகிற பூமிக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். பக்தியின் வேஷம் தரித்த இந்த அலட்சியத்தை வேதம் அங்கீகரிப்பதில்லை. இதற்கு மனித உயிர்களே விலையாகச் செலுத்தப்பட்டிருக்கின்றன.

பிணந்தின்னிக் கழுகை எண்ணிப்பாருங்கள். இந்தியாவில் இலட்சக்கணக்கில் வாழ்ந்த பறவை அது. 1990-களில் மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் டிக்ளோபினாக் என்னும் மருந்து மலிவாகக் கிடைத்தது. அம்மருந்து உடலில் தங்கியிருக்கையில் செத்த மாட்டைத் தின்ற கழுகுகள், சிறுநீரகம் பழுதடைந்து மாண்டன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சியது. அருவருப்பான பறவைதானே என்று ஊர் வாளாவிருந்தது.

அதன்பின் நடந்தது என்ன? தின்பாரற்ற மாட்டுப் பிணங்கள் வெளியிலே அழுகின. அவற்றின் அசுத்தம் நீர்நிலைகளில் கலந்தது, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் ஆபத்தும் பெருகிற்று. 2000 முதல் 2005 வரை மட்டும், கழுகுகள் அழிந்ததனால் சுமார் 5,00,000 பேர் கூடுதலாக மாண்டார்கள் என்று இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2024-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டுள்ளார்கள். இன்னமும் இது ஆத்துமாக்களுக்குச் சம்பந்தமற்ற காரியமா?

லேவியராகமம் 11:13 கழுகைப் புசிக்கலாகாது என்று விலக்குகிறது. அதை அழிக்கக் கட்டளையிடவில்லை. மீகா 1:16 அதன் மொட்டைத்தலையைச் சொல்லுகிறது. ஏசாயா 40:31-இல் வரும் எபிரெயச் சொல்லும் அதுவே. கர்த்தருக்குக் காத்திருப்போரின் பெலனுக்கு உவமையாக நாம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பறவை, நாம் முகஞ்சுளிக்கும் இந்தப் பறவையின் இனமே!

ஆளுகை செய்யும்படி ஆதியாகமம் 1:28 நமக்கு அதிகாரம் அளிக்கிறது, உண்மைதான். அந்த ஆளுகை எத்தகையது என்பதை 2:15 விளக்குகிறது: தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். அங்கே காப்பதைக் குறிக்கும் எபிரெய வினைச்சொல்லே, எண்ணாகமம் 6:24-இன் ஆசீர்வாதத்தில் கர்த்தர் நம்மைக் காப்பதையும் குறிக்கிறது. அவர் நம்மைக் காக்கிற விதமாய் நாம் பூமியைக் காக்க வேண்டும். எரிந்துபோகும் என்பது சாக்காகுமானால், மண்ணுக்குத் திரும்பும் இந்தச் சரீரத்துக்கு மருத்துவமனை எதற்கு? சுகத்துக்காக ஜெபிப்பது எதற்கு? வெளிப்படுத்தல் 11:18-ஐ வாசியுங்கள்: பூமியைக் கெடுக்கிறவர்களுக்கும் நியாயத்தீர்ப்பு உண்டு.

கால்நடைகளுக்கு டிக்ளோபினாக் கொடுப்பதை அரசு 2006-இல் தடைசெய்தது. ஆயினும் மனிதருக்கான குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. ஆகவே 2015-இல் அவற்றின் அளவும் 3 மில்லிலிட்டராகக் குறுக்கப்பட்டது. சட்டம் எட்டாத இடத்தில் மனச்சாட்சி நிற்க வேண்டும். மாடு வளர்க்கும் விசுவாசிகளே, நீங்களாக ஊசி போடாதிருங்கள். கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நம் நீலகிரிச் சரிவில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அப்பறவைகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காப்பதும் ஆராதனையே.

ஜெபம்: சிருஷ்டிகரே, நாங்கள் அற்பமென்று எண்ணியவற்றைக்கொண்டும் எங்கள் ஜீவனைக் காத்துவருகிறீர். உமது தோட்டத்தில் உண்மையுள்ள காவலராய் எங்களை நிலைநிறுத்தும். ஆமென்.