கியாசு ஊரில் கொடுக்கும் கைகள்

தேர்வுக் காலத்தில் தோ பாயோ நூலகத்தில் ஒரு நாற்காலி பிடிப்பது லேசான காரியமன்று. 1974இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தில் இன்று மாணவர் கைகளில் புத்தகத்தைவிட மடிக்கணினியும் கைப்பேசியுமே அதிகம். ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள்கூட ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கைப்பேசிகளுக்குள் வேறோர் உலகம் நடக்கிறது. யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதிய குறிப்புகளை டெலிகிராம் குழுவில் எல்லாருக்கும் இலவசமாகத் தருகிறார். முகம் தெரியாத ஒருவர் கேட்ட கணக்கிற்கு இன்னொருவர் படிப்படியாக விடை எழுதி அனுப்புகிறார்.

இது வியப்புக்குரிய செய்தி அல்லவா? 'கியாசு' என்ற சொல்லை அகராதி பார்க்காமலே புரிந்துகொள்ளும் ஊர் நம் ஊர். பல்கலைக்கழகத்திற்கு வந்தாலோ, சக மாணவரோடு ஒப்பிட்டுத் தரம் போடும் 'பெல் கர்வ்' பற்றிய அச்சம் வேறு. அடுத்தவர் ஏறினால் நாம் இறங்குவோம் என்று எண்ணும் சூழலில், ஒருவர் தம் உழைப்பைப் போட்டியாளரிடமே ஏன் கொடுக்கிறார்?

"இன்று நான் கொடுத்தால் நாளை எனக்குக் கிடைக்கும்" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். ஆனால் அது முழு உண்மையன்று. மோலி வாஸ்கோ, சமர் ஃபராஜ் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்கச் சட்டத்துறையினர் இணையவழி ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொள்ளும் ஒரு வலையமைப்பை ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். கைம்மாறு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே மக்களைக் கொடுக்கத் தூண்டவில்லை. துறையில் நற்பெயர் வளரும் என்ற எண்ணம், கொடுப்பதற்கென்று கையில் இருந்த அனுபவம், அந்தக் குழுவில் பலரோடு ஏற்பட்ட தொடர்பு ஆகியவையே தூண்டின.

அப்படியானால் பரிசும் சான்றிதழும் கொடுத்தால் பகிர்வோர் பெருகுவார்களா? இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் மார்க் லெப்பர் முதலிய உளவியலாளர்கள் தாங்கள் நடத்திய ஒரு சோதனையை 1973இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்னர் விளையாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகளைவிட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். விருப்பமாக இருந்தது வேலையாக மாறிவிட்டது! தொண்டூழிய மணிநேரத்தைக் கணக்கிட்டே வளர்ந்த தலைமுறை நாம். மணிநேரம் நிறைந்ததும் தொண்டும் நின்றுவிடுவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

நெடுங்காலம் நின்ற பகிர்வுக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட முன்னோடி, இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வந்து, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். யாருக்கும் ஊதியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் இருக்கும். 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் இப்படித்தான் ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

இவற்றில் நான் காணும் பாடம் மூன்று. செய்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. செய்த வேலை அழிந்துபோகாமல் ஓரிடத்தில் நின்றது. அதைப் பயன்படுத்துவோர் உண்டு என்பது செய்தவருக்குத் தெரிந்தது.

"எடுப்பவர் நூறு பேர், கொடுப்பவர் நாலு பேர்தானே?" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனால் குறிப்பை எடுத்துப் படிப்பது குற்றமன்று. நூலகத்தில் புத்தகம் எடுப்பவரை யாரும் பழிப்பதில்லை. எடுத்தபின் வாய் திறவாமல் போவதுதான் குறை. "உங்கள் விளக்கத்தால் புரிந்தது" என்று ஒரு வரி, "மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது" என்று ஒரு வரி. இவ்வளவுதான் வேண்டியது. கொடுப்பவரை மறுபடியும் எழுத உட்கார வைப்பது அந்த ஒரு வரியே.

நமக்கு இது வெறும் படிப்பு விஷயமன்று. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. கணிதத்தில் ஐயம் வந்தால் கேட்க ஆயிரம் பேர் உண்டு. தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் இரவு பத்து மணிக்குச் செய்யுள் ஒன்று புரியாமல் திணறினால், அவருக்கு விடை சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? கூட்டம் பெரிதாக இருந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கூட்டம் சிறிதானால், அந்த யாரோ ஒருவர் நாமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை துணைப்பாட வகுப்பு நடத்துவதோடு நில்லாமல், உறுப்பினரும் முன்னாள் மாணவரும் தம் சொந்த நடையில் எழுதிய தமிழ் விளக்கங்களைப் பெயரோடு ஓரிடத்தில் சேர்த்து வைப்போம். ஆசிரியர்களின் தாள்களைப் படியெடுத்துப் போடுவது பகிர்வு ஆகாது. நாமே புரிந்து எழுதியதுதான் பகிர்வு. புள்ளியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். வாசித்த மாணவர் பதில் எழுத ஓரிடம் இருந்தால் போதும்.

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு செய்யுளுக்கு ஒரு பக்க விளக்கம் எழுத நம்மில் எத்தனை பேர் முன்வருவோம், நண்பர்களே?