அம்பாசிடருக்கு எத்தனை ஆம்பியர்?

பழைய அம்பாசிடரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்த நினைப்பவர்களின் முதல் கேள்வி, "35 போதுமா, 65 போட்டுவிடலாமா?" என்பதுதான். பெரிதாகப் போட்டால் பேட்டரி வெந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துவார். எதற்கும் பெரிதாகவே இருக்கட்டும் என்பார் இன்னொருவர். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, வண்டிக்கு எவ்வளவு தேவை என்று கூட்டிப் பாருங்கள்.

மழை கொட்டும் இரவை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. 60 வாட் ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் சுமார் 9 ஆம்பியர். இக்னிஷன் காயிலுக்கு 4, வைப்பருக்கு 3 அல்லது 4, மற்ற சின்ன விளக்குகளுக்கு 3. ஏறக்குறைய 20 ஆகிவிட்டது. அந்தக் காலத்து டைனமோவின் முழுத் திறனே அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்திருந்தால் மேலும் 10 முதல் 15. ஸ்டார்ட் செய்ததில் இறங்கிய பேட்டரி ஏறவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். ஆக, மின்விசிறி இல்லாத வண்டிக்கு 35 தாராளம். இருந்தால் 45 முதல் 55.

லேபிளில் உள்ள எண், ஆல்டர்னேட்டர் நல்ல வேகத்தில் சுற்றும்போது வருவது. சிக்னலில் நிற்கையில் பல மாடல்களில் அதில் பாதிகூட வராது. அதனால் ஐட்லிங்கில் எவ்வளவு தரும் என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். என்னைக் கேட்டால், நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு லேபிள் எண்ணைவிட அதுவே முக்கியம்.

பேட்டரி வேகும் என்ற பயம் வேண்டாம். 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அத்தனையையும் திணிப்பதில்லை. கேட்கிற அளவே கொடுக்கும். ரெகுலேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிப் பிடித்திருந்தால் பேட்டரிக்கு ஆபத்தில்லை. ஆபத்து வயரில் இருக்கிறது. முழுக்க இறங்கிய பேட்டரி ஒரே மூச்சில் 40 ஆம்பியர்கூட இழுக்கும். 20 ஆம்பியருக்குப் போட்ட பழைய வயரும் அம்மீட்டரும் சூடேறி உருகும். ஆகவே தடித்த புது கேபிளை ஃபியூஸ் வைத்து நேராக பேட்டரிக்கு இழுங்கள். பழைய கட்-அவுட் பெட்டியின் இணைப்பை நீக்கிவிடுங்கள். 65 ஆம்பியரை முழுதாக எடுத்தால் இன்ஜினிலிருந்து ஏறக்குறைய 2 குதிரைத்திறன் போகும். ஒல்லி பெல்ட் வழுக்கிக் கீச்சிடும்.

பாசிட்டிவ் எர்த் வண்டியானால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுங்கள். தலைகீழாக இணைத்தால் டயோடுகள் நொடியில் போய்விடும். பொருத்திய பிறகும் சார்ஜ் ஏறவில்லையா? டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கைப் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் உயிர்பெறத் தேவையான சிறு மின்சாரம் அந்த 2 வாட் பல்பு வழியாகத்தான் போகிறது.