சைக்கிளுக்கு எதுக்குய்யா கேமரா?

மக்களே, குரங்கணி ரோட்டுல சைக்கிள்ல போறவன் கேமரா மாட்டினா உடனே வர்ற கேள்வி இதுதான்: "எதுக்குய்யா இது, யூட்யூப்ல படம் காட்டவா?" கார்க்காரர் மாட்டினா பாதுகாப்பாம், சைக்கிள்காரன் மாட்டினா பந்தாவாம். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

சரி, காசுக் கணக்கே பார்ப்போம். இடிச்சிட்டு ஓடின வண்டி எதுன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆம் பிரிவுப்படி கிடைக்கிறது இவ்வளவுதான்: செத்தா 2 லட்சம், படுகாயம்னா 50 ஆயிரம். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இதுவும் இல்லை; 25 ஆயிரமும் பன்னிரண்டரை ஆயிரமும்தான். வண்டி நம்பர் தெரிஞ்சா கதையே வேற. வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வயசு, வருமானம், நம்பியிருக்கிற குடும்பம் எல்லாம் கணக்குல வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்லியாகணும்.

அந்த நம்பரை யாரு பார்க்கிறது? போடி பஜார்ல நடந்தா கடைக்காரர் சிசிடிவியாவது இருக்கும். முந்தல் தாண்டினா யார் இருக்கா? விடியக்காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பும், லீவு நாள்ல மலை பார்க்க வர்ற காரும், டிஎன் 60-ஆ கேஎல் 06-ஆன்னு பார்க்கிறதுக்குள்ள வளைவுல மறைஞ்சிடும். விழுந்து கிடக்கிறவன் நம்பரை மனப்பாடம் பண்ணுவானா?

"அதெல்லாம் போலீஸ் வேலை"ம்பாங்க. 2021 ஆகஸ்ட்ல மத்திய அரசு போட்ட விதி எங்க கேமரா வைக்கச் சொல்லுது தெரியுமா? தேசிய, மாநில நெடுஞ்சாலைகள்ல ஆபத்தும் நெரிசலும் உள்ள பகுதிகள், 10 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை உள்ள நகரங்களோட முக்கியச் சந்திப்புகள். குரங்கணி இதுல எங்கே வருது, சொல்லுங்க!

"புல்லுக்கட்டு வச்சு ஓட்டுற பெரியவர் கேமரா வாங்குவாரா?" நியாயமான கேள்வி. அவரால முடியாது. அதனாலதான் முடிஞ்சவன் மாட்டணும்ங்கிறேன். எந்த சைக்கிள்ல கேமரா இருக்குன்னு தெரியாத டிரைவர், அந்தப் பெரியவரையும் கொஞ்சம் தள்ளித்தான் ஓவர்டேக் பண்ணுவார்.

ஒரே ஒரு கண்டிஷன். எடுக்கிறது சாட்சிக்கு, லைக்குக்கு இல்லை. ஜீப்புல நெருக்கி உட்கார்ந்து வேலைக்குப் போற அக்காமார் முகத்தை நெட்ல போட நமக்கு எந்த உரிமையும் கிடையாது. ஒண்ணும் நடக்கலைன்னா அன்னைக்கு ராத்திரியே அழிச்சிடுங்க. ஏதாவது நடந்துச்சுன்னா மெமரி கார்டுல கை வைக்காம அப்படியே எடுத்து வையுங்க. 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், நகல் கொடுத்தா 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கேட்கும். வெட்டி ஒட்டி, பாட்டு போட்ட வீடியோ அங்கே எடுபடாது.

கேமரா அடியைத் தடுக்காது. அடிச்சவன் யாருன்னு சொல்லும். கும்முறவங்க தாராளமா கும்முங்க. அதுக்கு முன்னாடி, அந்த 2 லட்சத்தை வச்சு ஒரு குடும்பம் எத்தனை வருஷம் ஓட்டும்னு மட்டும் சொல்லிட்டுக் கும்முங்க :-)

டிஸ்கி: கேமரா இருக்கேன்னு ஹெல்மெட்டை வீட்டுல வச்சிட்டுப் போயிடாதீங்க சாமிகளா!