ஆர்வம் சோறு போடுமா?

அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பார். ஒரு கையெழுத்து இடித்தால் வக்கீலிடம் ஓடுவார். கலைப்பொருள் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு சிலையோ ஓவியமோ யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த வருடம் எந்த நாட்டைத் தாண்டியது என்று சொல்லும் காகிதங்கள்தான் அதன் மூலப்பத்திரம். கலை அருங்காட்சியகத்தில் அந்தக் காகிதங்களைக் காப்பாற்றி வைக்கிறவருக்குப் பெயர் ஆவணக் காப்பாளர், அதாவது ஆர்க்கைவிஸ்ட்.

இவ்வளவு முக்கியமான வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பணக்கார அருங்காட்சியகங்கள் பல காலமாகக் கொடுத்து வந்தது என்ன தெரியுமா? முதலில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். பிறகு ஒரு வருட ஒப்பந்தம். அது முடிந்தால் வேறு ஊரில் இன்னொரு ஒப்பந்தம். நிரந்தர வேலை எப்போது என்று கேட்டால், "இதெல்லாம் ஆர்வத்துக்காகச் செய்கிற வேலை" என்று ஒரு புன்னகை. படித்த பிள்ளைகளை இதைவிட நாகரிகமாக ஏமாற்ற முடியாது.

காகிதம் என்ன செய்யும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பதில் சொல்லும். அங்கே பிரகதீஸ்வரர் கோயிலில் இருந்த சோழர் கால நடராஜர் 2006ல் திருடு போனார். 2008ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்களும் கூடவே வந்தன. அது என்ன கணக்கு? இந்தியாவின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972ல் வந்தது. அதற்கு முன்பே போய்விட்டதாகக் காட்டினால் வில்லங்கம் இல்லை அல்லவா! அத்தனையும் போலிக் காகிதம்.

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு புகைப்படம். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சுமார் 1,60,000 படங்கள். அவற்றில் 1994ல் எடுத்த ஒரு படத்தில் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தானில் இருக்கிறார்! 1970களில் நாட்டை விட்டுப் போனவர் 1994ல் எப்படிச் சொந்த ஊரில் இருக்க முடியும்? 2014 செப்டம்பரில் சிலை இந்தியா திரும்பியது. ஒரு சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022ல் 10 வருட சிறைத்தண்டனை கொடுத்தது. அந்தப் படத்தை ஊரும் வருடமும் குறிக்காமல் ஏதோ ஒரு பெட்டியில் கொட்டி வைத்திருந்தால்? கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆவணக் காப்பகத்தின் அருமை நிர்வாகத்தைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும். பிரிட்டனில் ஜான் மையட் என்ற ஓவியர் வரைந்த சுமார் 200 போலி ஓவியங்களை விற்றவன் ஜான் டுரூ. ஓவியம் போலியாக இருந்தால் போதாது, காகிதமும் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் டேட் அருங்காட்சியகத்துக்கு 20,000 பவுண்ட் நன்கொடை கொடுத்து நல்ல பெயர் வாங்கினான். ஆராய்ச்சியாளர் வேடத்தில் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்து, அசல் கோப்புகளுக்கு நடுவே தான் தயாரித்த காகிதங்களைச் செருகி வைத்தான். 1999ல் அவனுக்கு 6 வருட சிறை. எந்தக் கோப்பில் எந்தக் காகிதம் இருக்கவேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்குமா?

அப்படித் தெரிந்துகொள்ளத்தான் வருடங்கள் தேவை. ஓய்வுபெற்ற ஒரு காப்பாட்சியரின் அறையிலிருந்து நாற்பது அட்டைப்பெட்டி வருகிறது என்று வையுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காகிதத்தை அமிலமில்லாத உறையில் மாற்ற வேண்டும். எந்தக் கடிதம் எந்தக் கண்காட்சிக்கானது, 'எம்.கே.' என்று கையெழுத்துப் போட்டவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் விளக்கப் பட்டியல் எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து யாரோ ஒரு பேராசிரியர் வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி, "யாரும் அறியாத கடிதத்தைக் கண்டுபிடித்தேன்" என்று பேட்டி கொடுப்பார். அறியாமலா பட்டியலில் ஏறியது?

இந்த வேலைக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். படிப்புக்கடனோடு வருகிறவரை மானியப் பணத்தில் ஒன்றிரண்டு வருடம் வைத்துக்கொள்வார்கள். மானியம் முடிந்தால் ஆளும் போவார், அவர் தலைக்குள் இருந்த விவரமும் போகும். அடுத்தவர் மறுபடி 'அ'விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மானியமாவது நிச்சயமா என்றால் அதுவுமில்லை. 2025ல் அமெரிக்க அரசு அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனத்தையே முடக்க ஆணையிட்டது. நீதிமன்றம் தலையிடும்வரை பல மானியங்கள் ரத்தாகிக் கிடந்தன. அடிவாங்கியது யார்? மானியத்தில் தொங்கிக்கொண்டிருந்த இளையவர்கள்தான்.

"அருங்காட்சியகங்களிடம் பணமில்லை" என்பது வழக்கமான பல்லவி. ஒரு சிலைக்கு 50 லட்சம் டாலர் இருந்ததே? பட்டியல் போடாமல் மிச்சம் பிடிக்கிற காசு எங்கே போய் முடியும் என்று பிரிட்டிஷ் மியூசியத்தைக் கேளுங்கள். அங்கே சுமார் 2,000 பொருட்கள் காணாமலோ, திருடு போயோ, சேதமாகியோ இருப்பது 2023ல் வெளியே வந்தது. அவற்றில் பல, பதிவேட்டில் முறையாக ஏறாதவை. ஏறாத பொருள் போனால் யாருக்குத் தெரியும்? இயக்குநர் பதவி விலகினார். பிறகு முழுத் தொகுப்பையும் 5 வருடத்தில் பதிவு செய்து முடிக்க சுமார் 1 கோடி பவுண்ட் ஆகும் என்று திட்டம் போட்டார்கள். முன்பே நாலு பேருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுத்திருந்தால் இந்த மானக்கேடாவது குறைந்திருக்கும்.

"அனுபவம் கிடைக்கிறதே" என்பது அடுத்த பல்லவி. அனுபவத்தைக் காட்டினால் நியூயார்க்கிலோ லண்டனிலோ எந்த வீட்டுக்காரராவது வாடகையைத் தள்ளுபடி செய்வாரா? அப்பா அம்மா வாடகை கட்டக்கூடிய பிள்ளைகள் மட்டும்தான் சும்மா உழைக்க முடியும். மற்றவர்களுக்கு வாசலிலேயே கதவு அடைபடுகிறது. உலகம் முழுக்க இருந்து வந்த பொருட்கள் அந்தக் கட்டிடங்களில் இருக்கின்றன. அவை வந்த ஊர்களின் மொழி தெரிந்த, அந்த ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஏழைப் பிள்ளை அந்தக் காகிதத்தின் பக்கமே வர முடியாது. இது வெறும் சம்பளப் பிரச்சினை இல்லை. மூலப்பத்திரத்தை யார் படிக்கலாம் என்கிற பிரச்சினை.

"ஸ்கேன் செய்துவிட்டால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு புதுப் பல்லவியும் உண்டு. கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்கும், சரி. டுரூ செருகிய காகிதத்தை ஸ்கேன் செய்தால் அழகான, தெளிவான பொய்தான் கிடைக்கும்.

2019ல் வட அமெரிக்க கலை அருங்காட்சியக இயக்குநர்களின் சங்கமே இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று தீர்மானம் போட்டது. நல்ல விஷயம், ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். 2022ல் பிலடெல்பியா கலை அருங்காட்சியக ஊழியர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் ஒப்பந்தம் வாங்கினார்கள். தீர்மானத்துக்கு அசையாத நிர்வாகம் மறியலுக்கு அசையும் என்பதுதான் இதில் பாடம்.

கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. உழைக்கிற இன்டர்னுக்குச் சம்பளம். எப்போதும் இருக்கிற வேலைக்கு நிரந்தரப் பதவி. ஒரு பொருளை வாங்கும்போதே அதன் காகிதத்தைப் பராமரிக்கவும் ஒரு பங்கு பணம். அரை கிரவுண்டு வாங்கினவர் பத்திரத்தை பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். கோடி கோடியாகக் கொட்டி வாங்குகிற அருங்காட்சியகமோ, பீரோவைக் காக்கிறவரிடம் "சம்பளம் எதற்கு, ஆர்வம் இருக்கிறதே" என்கிறது. அப்படியானால் இயக்குநர்களும் ஒரு வருடம் ஆர்வத்துக்காக மட்டும் வேலை பார்த்துக் காட்டட்டுமே?